மஞ்சள் பட்டைக்கு நேரம் முடிந்தது

பூங்கா பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நினைக்கிறவர்கள், அந்த பெஞ்சுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் அடிப்பது யார் என்று யோசிப்பதில்லை. நான் யோசித்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக அதுதான் என் வேலை. நகராட்சியின் பூங்கா, விளையாட்டுப் பிரிவில் கட்டணம் நிர்ணயிக்கிற அதிகாரி நான். படகுக்கு எவ்வளவு, பந்து மைதானத்துக்கு எவ்வளவு, எல்லாம் என் மேசையில் முடிவானவை. ஊஞ்சலுக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று எழுதியதும் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு வக்கீல் எதற்கு?

முதலில் இறகுப்பந்து மைதானத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அங்கே மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தோம். ஒரே வாரத்தில் கவுன்சிலரின் தம்பி வந்து, "நமக்கெல்லாமா சார் டிக்கெட்டு?" என்றார். விட்டார்கள். அடுத்த வாரம் தம்பியின் நண்பர். அதற்கடுத்த வாரம் நண்பரின் சித்தப்பா. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். ஆறு மாதத்தில் டிக்கெட் வாங்குகிறவன்தான் ஏமாளி என்று ஆகிவிட்டது. வலை கிழிந்தது, மாற்ற வழியில்லை. இப்போது அங்கே ஓடாத குப்பை லாரிகள் நிற்கின்றன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நடத்தினால் எந்த மைதானமும் அப்படித்தான் போகும். இனி நான் எழுதுகிற கட்டணத்தில் விதிவிலக்கு என்ற சொல்லே இருக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதன் பிறகு வந்ததுதான் நீச்சல் குளத்துக் கட்டணம். முன்பு ஒரு டிக்கெட் வாங்கினால் காலையில் இறங்கியவர் இருட்டும்வரை கிடக்கலாம். தண்ணீரில் தலைகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. நான் அதை மணிக் கணக்காக மாற்றினேன். இரண்டு மணிக்கு வருகிறவருக்கு நீல ரப்பர் பட்டை, மூன்று மணிக்கு மஞ்சள், நான்கு மணிக்குப் பச்சை. பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மணி முடிந்தால் மூன்று விசில். அந்த நிறம் கரையேற வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி டிக்கெட். இதைவிட எளிமையாக ஒன்றைச் செய்ய முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

எளிமையாக இருந்ததுதான் மனுக்காரருக்குப் பிடிக்கவில்லை. இறந்துபோனவரைத்தான் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட மனுவோடு வந்து நிற்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். முப்பத்தைந்து ஆண்டு சைக்கிள் மிதித்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, தண்ணீருக்குள் நடந்தால்தான் வலி குறைகிறது என்பது அவர் வழக்கு. கட்டணத்தைப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"சார், என் முட்டி தண்ணிக்குள்ள இருக்கிறப்ப மட்டும்தான் சும்மா இருக்கு. ஒரு மணி நேரமெல்லாம் அதுக்குப் பத்தாது. வயசானவங்களுக்கு மட்டும் ஒரே பட்டையில மூணு மணி நேரம் விடுங்க."

"முட்டிக்குன்னு தனிக் கட்டணம் போட முடியாதுங்க," என்றேன். "இன்னைக்கு முட்டிம்பீங்க, நாளைக்கு ஒருத்தர் முதுகுன்னு வருவார்."

"நீங்க என்னைக்காவது அந்தக் குளத்துல இறங்கியிருக்கீங்களா சார்?"

"இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது." உண்மையைத்தான் சொன்னேன்.

"அதானே. கரையில நின்னுக்கிட்டே ஆழத்துக்கு விலை போடுறீங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. நகர்மன்றத் தலைவர் சிரித்தார். என் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அன்று நூற்று நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பச்சைப் பை வைத்திருந்த பெண்மணி ஒருவர், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். மற்றபடி எனக்கு அந்தக் கூட்டம் சரியாக நினைவில்லை.

மனு தள்ளுபடியானது. அடுத்த வாரமே மிதக்கும் போராட்டம் தொடங்கியது. மூன்று மணிக்கு மனுக்காரரும் எட்டு முதியவர்களும் ஒழுங்காக டிக்கெட் வாங்கி இறங்குவார்கள். நான்கு மணிக்கு விசில் ஊதியதும் ஏறாமல், மல்லாந்து படுத்து அப்படியே மிதப்பார்கள். பேச மாட்டார்கள், கோஷம் கிடையாது. நேரம் முடிந்த மஞ்சள் பட்டைக் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி ஆறு மணிவரை கிடப்பார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "இவங்களை எந்தச் சட்டத்துல சார் தூக்குறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்திரிகையில் படம் வந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, "பத்து நாள் பார்ப்பேன். இது அடங்கலைன்னா உங்க கட்டணத்தை வாபஸ் வாங்கிடுவேன்," என்றார். பத்தொன்பது ஆண்டில் விதிவிலக்கே இல்லாமல் நான் எழுதிய ஒரே கட்டணம் அது. பெற்ற பிள்ளையைப் போல என்று சொன்னால் உங்களுக்கு மிகையாகத் தோன்றும்.

இனி அந்த உத்தரவைப் பற்றி. எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். குளத்தில் லைஃப்கார்டு ஒரு அம்மாள், வயது நாற்பதுக்கு மேல். விசில் அக்கா என்பார்கள். போராட்டத்தின் மூன்றாம் நாள், மிதந்துகொண்டிருந்த ஒரு கிழவி கண்ணை மூடியிருக்கிறார் என்று பயந்துபோய் அந்த அம்மாள் குதித்தார். கிழவி தூங்கிப்போயிருந்திருக்கிறார். குளமே கைதட்டியது. அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை எழுதினேன். லைஃப்கார்டின் பொறுப்பு நடப்பு நிறப் பட்டை அணிந்தவர்களுக்கே. நேரம் முடிந்த பட்டையோடு தண்ணீரில் இருப்பவர்களுக்காக, அதிகாரியின் அனுமதி பெறாமல் இறங்கக் கூடாது. அந்த அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டு, "சார், முங்குறவங்க கையில நான் கலரா பார்த்துக்கிட்டு இருக்க முடியும்?" என்றார். வேலை வேண்டுமென்றால் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவர். கையெழுத்துப் போட்டார்.

தலைவர் கொடுத்த கெடுவில் ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது. நான் சொந்த வேலையாகக் குளத்துக்கு வந்திருந்தேன். மற்ற எட்டுப் பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மனுக்காரர் மட்டும் தனியாக, ஆழமான பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். ஒற்றை ஆளானாலும் போராட்டம் போராட்டம்தான் என்று நினைத்திருப்பார். பிடிவாதக்காரர். அந்த ஒரு குணத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

நான்கு பத்துக்கு அவர் புரண்டார். குளத்தில் பச்சைப் பட்டைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அசையாமல் மிதக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பழகிவிட்டது, யாரும் திரும்பவில்லை. விசில் அக்காதான் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சார், குப்புறக் கிடக்கிறார்."

"புது உத்தியா இருக்கும். பொறுங்க."

"சார், கையைப் பாருங்க சார்."

பார்த்தேன். பட்டை போட்டிருந்த கை தண்ணீருக்கு மேலே வந்து, விரல்கள் விரிந்து மூடின. பிறகு கை உள்ளே போய்விட்டது. "அனுமதி குடுங்க சார்," என்றார் அந்த அம்மாள். "நடிக்கிறாரும்மா. நீங்க இறங்கினா நாளைக்கு மறுபடி பத்திரிகையில படம் வரும்," என்றேன். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது, நான் சொல்லி வாங்கி மாட்டியது. வினாடி முள் இரண்டு முறை முழுதாகச் சுற்றி, மூன்றாம் சுற்றில் பாதி வந்தபோது அந்த அம்மாள் என்னைக் கேட்காமலே குதித்துவிட்டார். கரைக்குக் கொண்டுவந்து நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார். அழுதுகொண்டே செய்தார். நேரம் கடந்துவிட்டிருந்தது.

மயக்கம்தான் முதலில் வந்தது, உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. விசில் அக்காவின் மேல் எந்தத் தவறும் இல்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் இறங்கியதற்குத் திங்கட்கிழமை நான் ஒரு குறிப்பாணை கொடுத்தேன், அது வேறு விஷயம்.

அவர் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். நேராகக் கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். தெரியும். மல்லாந்துதான் மிதக்க வேண்டும் என்பது அவர்கள் போராட்டத்தின் விதி. அத்தனை நாளும் ஒருவர்கூட அதை மீறவில்லை. விதியை மதிக்கிற மனிதர் குப்புறப் புரண்டால் அது நடிப்பாக இருக்காது என்று, அவர் புரண்ட அந்த நொடியே எனக்குத் தெரியும். அந்த இரண்டரை நிமிடமும் தெரிந்தேதான் நின்றேன். பழிவாங்க நிற்கவில்லை. அவருடைய பட்டைக்கு நேரம் முடிந்திருந்தது. ஒருவருக்காக ஒருமுறை தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை இறகுப்பந்து மைதானத்தில் போய்ப் பாருங்கள். இன்றைக்கும் அந்தக் கட்டணம் அமலில் இருக்கிறது. விசில் ஊதினால் எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தூக்கில் போட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

கேமராப் படத்தை நீங்கள் நிறுத்தி வைத்திருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு பதினொன்று. ஆழமில்லாத பக்கத்தில், படிக்குக் கீழே, இன்னொரு மஞ்சள் பட்டை. உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். அவளுக்காகத்தான் அன்று நான் வந்திருந்தேன். பத்து வயது. விசில் ஊதியதும், "அப்பா, இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம்ப்பா," என்று கெஞ்சினாள். சரி, விளையாடு என்றேன். இதைப் போய் விதிவிலக்கு என்று எழுதிவிடாதீர்கள். அவள் என் மகள்.