டெல்ஃபீன் திரும்பிய திசை

அல்சீ: ...வடக்கே இருபத்தேழு, மேற்கே தொண்ணூறு. புள்ளி வச்சாச்சு மச்சான். மளிகைக்கடையில குடுத்த புயல் வரைபடம் பூரா பென்சில் புள்ளிதான். டெல்ஃபீன் புயல் நேரா நம்ம ஊருக்கேதான் வருது.

ஒவீட்: வரட்டும் மாப்பிள்ளை. நீ எங்க இருக்கே?

அல்சீ: இதென்ன கேள்வி? எங்கப்பா கட்டின வீட்டுல. எந்தப் புயலுக்கு எங்க குடும்பம் ஊரை விட்டுப் போயிருக்கு?

ஒவீட்: நாங்க மட்டும் போனோமா? படகுத்துறையில கால் நீட்டி உக்காந்திருக்கேன்.

அல்சீ: பந்தயப் பேச்சு மாறக் கூடாது. முதல்ல ஓடினவன் படகு, ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிற படகு ஊர்வலத்துல கடைசி.

ஒவீட்: கடைசின்னா கடைசிதான். எல்லாப் படகுப் புகையையும் குடிச்சுக்கிட்டு நீ வர்றதை லூசியானாவே வந்து பாக்கும்.

அல்சீ: நானா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து முன்னாடி போற இறால் படகு அது!

யூலாலி: யாருங்க போன்ல? எங்க அண்ணனா?

அல்சீ: வேற யாரு? நீ கும்போக் குழம்பைக் கிண்டு... மச்சான், இங்க மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. கூரை ஆடுது. நான் அசையலையே!

ஒவீட்: மழையா?

அல்சீ: பின்ன? அங்க இல்லையா?

ஒவீட்: மாப்பிள்ளை... கடைசியா ரேடியோ எப்போ கேட்டே?

அல்சீ: காலையில. ஏன்?

ஒவீட்: மத்தியானமே புயல் மேற்கே திரும்பிருச்சு. லேக் சார்ல்ஸ் ஊர்ப் பக்கம். நம்ம ஊருல சுள்ளுனு வெயில். உன் கூரை லேக் சார்ல்ஸுலயா ஆடுது?

அல்சீ: ...உன் தங்கச்சிதான் இங்க ஹோட்டலுக்கு இழுத்துட்டு வந்துட்டா.

யூலாலி: நானா? விடியறதுக்குள்ள வண்டிச் சாவியோட வாசல்ல நின்னது யாராம்?

ஒவீட்: அப்படிப் போடு! முன் படகு என்னுது!

அல்சீ: கத்தாதே... சரி. சொன்ன சொல் சொல்தான். என் படகு கடைசியில வரும். ஆனா கொடி தாழாம வரும்.

ஒவீட்: வரட்டும், வரட்டும். நான் இங்க வெயில்ல காஞ்சுக்கிட்டு... ஐயோ, கரண்டு போச்சே!

அல்சீ: இங்கயும்தான் போச்சு... இரு, இரு. படகுத்துறையில வெயில்ல உக்காந்திருக்கிறவனுக்கு எந்தக் கரண்டு போச்சு?

ஒவீட்: ...அது வந்து...

அல்சீ: மச்சான்! நீயும் இங்கதான் இருக்கியா? எந்த ஹோட்டல்?

ஒவீட்: இரு மாப்பிள்ளை... சரியாக் கேக்கலை... லைன்ல ஏதோ...

யூலாலி: போனை இப்படிக் குடுங்க. அண்ணா, இருட்டுல தடுமாறாதே, சுவரைத் தட்டு, நாங்க அடுத்த ரூம்தான். புயலுக்குப் பேரு வைக்கறதுக்கு முன்னாலயே நானும் அண்ணியும் ரெண்டு ரூமுக்கும் சொல்லி வச்சாச்சு. முன் படகையும் நாங்களே ஓட்டிக்கறோம்.