பன்னிரண்டாவது கடையின் ஒன்பதாம் வரிசை

விடுதிகளில் காலையில் தரும் வாஃபிள் எல்லா ஊரிலும் ஒரே ருசிதான். ஒரே வருடத்தில் பதினோரு ஊர்களில் தின்று அலுத்துவிட்டேன். வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டிய சாமான்கள் விற்கும் நிறுவனம் எங்களுடையது. வருடத்துக்குப் பன்னிரண்டு புதுக் கடைகள் என்பது திட்டம். திறந்து வைப்பது என் வேலை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் திறக்கும் இதுதான் கடைசி, பன்னிரண்டாவது. வசந்தம் பிறந்தால் ஊரே வேலி போடவும் புல் விதைக்கவும் கிளம்பிவிடும். அதற்குள் திறந்தாக வேண்டும்.

தரை போட்ட மேஸ்திரி வெண்டெல் டட்டில். கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள் கேட்டார். அலமாரிகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளை நான் பத்தாம் நாளே அடிக்கச் சொன்னேன்.

"யோவ் கேரெட், இந்தக் குளிர்ல தரை இன்னும் பச்சப்புள்ளயா கெடக்கு. அதுமேல இருபதடி அலமாரிய நிறுத்தி சிமெண்ட் மூட்டைய ஏத்தச் சொல்றியே, மண்டையில ஏதாச்சும் இருக்கா?"

"அப்ப நீங்களே கூட இருந்து பாத்துக்கங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

எங்கள் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதில்லை; பலகை அறுப்போம். மேயர் அம்மாள் ரம்பத்தைக் கையில் எடுத்தபோது வெண்டெல் வந்து, ஒன்பதாம் வரிசையில் போல்ட்டுகள் தரையிலிருந்து பெயர்ந்து கிளம்புகின்றன என்று காதோடு சொன்னார். வெளியே முந்நூறு பேர். போய் முட்டுக் கொடுங்கள், அங்கே யாரையும் விடமாட்டேன் என்றேன். சொன்னபடி யாரையும் விடவில்லை.

பலகை துண்டாகி விழுந்தபோது உள்ளே அலமாரியும் விழுந்தது. ஊழியர்கள் எல்லோரும் வாசலில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியக் குழுவை இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மூட்டைகளுக்கு அடியிலிருந்து இரும்பில் தட்டும் சத்தம் வந்தது.

"கேரெட், நீயா? இடுப்புக்குக் கீழதான் மாட்டியிருக்கு. ஆளக் கூப்பிடுப்பா."

கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், தீயணைப்பு வண்டி வரும், கதவைப் பூட்டுவார்கள். பன்னிரண்டு கடை பதினொன்றாகிவிடும். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றேன். வரிசையின் இரு முனையிலும் தார்ப்பாய் கட்டினேன். சரக்கு சரிந்துவிட்டது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஊழியர்களிடம் சொன்னேன். கடையில் ஓடிய பாட்டைக் கொஞ்சம் உரக்க வைத்தேன். கூட்டம் நன்றாகவே இருந்தது.

பதினொன்றரை மணி வரை தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் நின்றது. அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். அலுப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுப்ப மனம் வரவில்லை.