ஒரு துண்டு உருளைக்கிழங்கும் முப்பது பேருந்துகளும்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, தலைமைக்குரிய நாற்காலியையும் தாங்கி, மாலை நான்கு மணியிலிருந்து எங்கள் எல்லோருடைய பேச்சையும் தாங்கிக்கொண்டிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச நினைத்ததையும் நினைக்காததையும் சேர்த்தே பேசி முடித்துவிட்ட தாவர எரிபொருள் திட்ட அதிகாரி அவர்களே! மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே! இடம் கிடைக்காத, அவர்களினும் பெரியோர்களே! மடியில் குழந்தையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேருந்தை ஓட்டுகிற தோழர்களே! பேருந்துக்காக ஓடுகிற பொதுமக்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, "நீட்டி முழக்காதீங்க" என்று கண்ணாலேயே கட்டளை இடும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவருக்கும், நகக்கண்ணில் கிரீஸ் போகாத இந்தப் பேருந்துப் பணிமனை மேற்பார்வையாளனின் பணிவான வணக்கம்!

கைதட்டாதீர்கள். தட்டினால் எனக்குத் தலை கால் புரியாமல் போய்விடும். அப்படிப் போனதால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

எனக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். பளபளக்கும் கருப்பு மரக் கேடயம். "பசுமைப் பயணத்தின் பாதுகாவலர்" என்று பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தாளையும் வைத்திருக்கிறார்கள். கேடயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எண்ணெயைச் சோதிப்பவன் என்ற முறையில் தாளில் கையெழுத்தை வைக்க வேண்டும். அந்தத் தாளில் என்ன இருக்கிறது? நம் ஊர்ப் பேருந்துகள் பழைய சமையல் எண்ணெயில் அருமையாக ஓடுகின்றன, எண்ணெய் மட்டும் போதவில்லை, ஆகவே ஆற்றோரக் காய்கறித் தோட்டத்தில் இனி எண்ணெய்ச் செடி பயிரிடலாம் என்று இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் நாற்பது குடும்பங்கள் பாடுபடுகின்றன. அதில் ஒன்று என் அண்ணியின் குடும்பம். அண்ணனைப் பறிகொடுத்தபின் அவர் தலைநிமிர்ந்து நிற்கும் மண் அது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களிடம் ஒரு கதை சொல்ல வேண்டும்.

என்னை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூக்கண்ணன் என்றுதான் அழைப்பார்கள். புகையை மோந்தே இஞ்சினின் நோயைச் சொல்வேன் என்று ஒரு பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறே ஆறு பேருந்துகளை வைத்து இந்தத் திட்டத்தைத் தொடங்கினோம். வறுவல் கடைகளில் மிஞ்சிய எண்ணெயைக் கேன் கேனாக வாங்கி, பணிமனைக் கொட்டகையில் வடிகட்டி, காய்ச்சி, மருந்து சேர்த்து எரிபொருளாக்கினோம். எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேன் வந்தாலும் நான் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். நல்லது என்றால் சுண்ணக்கட்டியால் சரிக்குறி. கெட்டது என்றால் பெருக்கல் குறி. அந்தக் குறி இல்லாமல் ஒரு சொட்டு எண்ணெயும் கொட்டகைக்குள் போகாது.

குறை இருந்ததா? இருந்தது! தொட்டிகளில் பதினைந்து வருடமாகப் படிந்து கிடந்த அழுக்கையெல்லாம் இந்தப் புது எரிபொருள் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியில் அடைத்தது. பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பின. குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாகி, பேருந்து போர்வைக்குள்ளிருந்து எழ மறுக்கும் மாப்பிள்ளை போல முரண்டு பிடித்தது. எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தோம்.

நிறை இருந்ததா? ஐயா, அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும்! கரும்புகை குறைந்தது. மூன்றாம் எண் வழித்தடத்து ஓட்டுநருக்கு ஒன்பது வருட இருமல். அவர் வீட்டில் கடிகாரமே தேவையில்லை, அவர் இருமலை வைத்தே மணி சொல்வார்கள். அந்த மனிதர் இருமாமல் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். சாக்கடைக்குப் போய் அடைத்துக்கொண்ட எண்ணெய், சாலையில் ஓடியது! குப்பைக்குப் போனது, கூட்டத்தைச் சுமந்தது! ஐந்தாம் எண் வந்தால் மீன் வறுத்த வாசனை. ஒன்பதாம் எண் வந்தால் வெங்காய வாசனை. ஐந்தாம் எண் நிறுத்தத்தில் பூனைகள் வரிசையில் நின்றன, பயணிகள்தான் வரிசையில் நிற்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பு அதுவரைதான்.

ஆறு பேருந்து நன்றாக ஓடியதும் மேலிடத்துக்கு ஆசை வந்தது. ஆறு ஓடினால் முப்பது ஓடாதா? ஓடும்! எண்ணெய்க்கு எங்கே போவது? உடனே ஒரு விதி பிறந்தது. ஒவ்வொரு வறுவல் கடையும் வாரம் இரண்டு கேன் பழைய எண்ணெய் கொடுக்க வேண்டும், கொடுக்காத கடையின் உரிமம் ரத்து. நான் கேட்கிறேன், பேருந்து ஐந்து மடங்கானால் மக்களின் வயிறும் ஐந்து மடங்காகுமா? ஐந்து மடங்கு வறுவல் தின்பார்களா? இதை அன்று யாராவது கேட்டார்களா? அதிகாரி கேட்டாரா? தலைவர் கேட்டாரா? நான் கேட்டேனா? கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தாய்மார்களே.

ஆனால் கேன்கள் வந்தன! வாரம் இரண்டு, தவறாமல், தட்டாமல், தளும்பத் தளும்ப வந்தன. மூடியைத் திறந்தேன். தெளிந்த எண்ணெய். மோந்தேன். மீன் இல்லை, வெங்காயம் இல்லை, கருகல் இல்லை. ஒரு வாசனையும் இல்லை! முப்பது வருடம் புகை மோந்த மூக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஏதோ இடிக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். அது சொன்னது, நான்தான் காதில் வாங்கவில்லை. "கடைக்காரர்களின் ஒழுக்கம் உயர்ந்திருக்கிறது, எண்ணெயின் தரம் உயர்ந்திருக்கிறது" என்று அறிக்கை எழுதினேன். அறிக்கை மேலே போனது. பாராட்டு கீழே வந்தது. நாட்டிலேயே தூய்மையான பழைய எண்ணெய் நம் ஊரில்தான் என்று பதாகை கட்டினார்கள். அந்தப் பதாகை என் தலைக்கு மேல் தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளைக்கு முன் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு, அதைத் தேடி என் மனைவியின் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்து வறுவல் கடை, உங்களுக்குத் தெரியும். காலை நேரம். ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. அடுப்பில் பெரிய வாணலி. வாணலி நிறையப் புத்தம்புது எண்ணெய். அதன் நடுவில், ஒரே ஒரு துண்டு உருளைக்கிழங்கு, தன்னந்தனியாக மிதந்துகொண்டிருந்தது.

"யாருக்கு இது?" என்றேன்.

"உங்க பஸ்ஸுக்கு" என்றாள்.

"ஒரே ஒரு துண்டா?"

"எத்தனை துண்டுன்னு ரூல்ல போடலியே. ஒரு தடவை வறுத்துட்டா அது பழைய எண்ணெய்தானே?"

"இது புது எண்ணெய்!"

"அப்படியா? போன வாரம் இதையேதான் மோந்து பாத்து டிக் போட்டீங்க. ரொம்பத் தரமான எண்ணெய்னு வேற சொன்னீங்களாம்."

"எத்தனை நாளா நடக்குது?"

"நாலு மாசமா. நான் மட்டுமா? பஸ் ஸ்டாண்டு பூரா இதேதான். நானாவது துண்டு போடறேன். எதிர்க்கடைக்காரர் அதுவும் போடறதில்ல. அடுப்பைப் பத்தவச்சு எண்ணெய்க்குக் காட்டிட்டு அணைச்சிடறார்."

நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அதை ஏன் அப்படிப் பாக்கறீங்க? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அதே துண்டுதான்" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேடயம் வாங்கப் போறேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகிட்டு இருந்தீங்க. அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவையோரே, மூக்கறுபடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நேரில் பட்டேன்!

இப்போது புரிகிறதா, உங்கள் வீட்டில் எண்ணெய் ஏன் கிடைக்கவில்லை என்று? மளிகைக் கடையில் "ஆளுக்கு ஒரு பாக்கெட்தான்" என்று ஏன் பலகை மாட்டினார்கள் என்று? விதைத்து, விளைவித்து, ஆட்டி, வடித்து வந்த எண்ணெய் உங்கள் சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை. வறுவல் கடைக்கு வந்தது, ஒரு துண்டு உருளைக்கிழங்கிடம் ஆசி வாங்கியது, நேராகப் பேருந்தில் ஏறிவிட்டது. நிறுத்தத்தில் நின்ற நீங்கள் ஏறினீர்களோ இல்லையோ, உங்கள் வீட்டு எண்ணெய் ஏறிவிட்டது!

இதோ ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. அதிகாரி எழுதியிருக்கிறார். "திட்டத்தின் சிறப்புகளை மட்டும் பேசவும்." ஐயா, அந்த ஒரு துண்டைவிடச் சிறப்பானது இந்தத் திட்டத்தில் வேறு என்ன இருக்கிறது?

யார் அது, பின்வரிசையில்? "அப்போ பழையபடி டீசல் புகையிலயே சாகச் சொல்றீங்களா?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, தம்பி. சாகச் சொல்லவில்லை. செடி காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது என்று அதிகாரி சொன்னாரே, அது மெய். ஆனால் அந்தச் செடிக்கு உரம் வேண்டாமா? உழ டிராக்டர் வேண்டாமா? தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டாமா? அவையெல்லாம் எதைக் குடித்து ஓடும்? அந்தக் கரியை யார் தலையில் எழுதுவது? "வறண்ட நிலத்திலும் வளரும் செடி" என்றார்கள். வளரும், காய்க்காது. காய்க்க வேண்டுமென்றால் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் கேட்கும். நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் நம் ஊரில் எங்கே இருக்கின்றன? ஆற்றோரத் தோட்டத்தில். அதனால்தான் இந்தத் தாள் ஆற்றோரத்தைத் தேடி வந்திருக்கிறது.

முந்தாநாள் அண்ணி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கையில் ஒரு பை கத்திரிக்காய்.

"தம்பி, எங்க தோட்டத்தை எடுத்துட்டு எண்ணெய்ச் செடி வைக்கப் போறாங்களாமே. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நடக்குமாமே?"

"பஸ் ஓடணுமே அண்ணி" என்றேன்.

"ஓடட்டும் தம்பி. நாங்க எதுக்கு அந்தப் பஸ்ல ஏறினோம்? காயைச் சந்தைக்குக் கொண்டுபோகத்தானே? காயே இல்லேன்னா பஸ்ஸு எதை ஏத்திட்டுப் போகும்?"

பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, கத்திரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? விதிப்படி, பொய் எண்ணெய் கொடுத்த கடையின் உரிமம் போகும். முதலில் போவது என் மனைவியின் கடை. நேற்று அவளிடமே கேட்டேன். அவள் சொன்னது இது: "சொல்லுங்க. லைசென்ஸ் போனா போகட்டும், இட்லியோ இடியாப்பமோ இல்லாத ஊரா, வேற ஏதாவது வேகவச்சு விக்கறேன். ஆனா என்னைத்தான் முதல்ல சொல்லணும். ஊர்க்காரங்களைச் சொல்லிட்டு என்னை மறைச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க."

முதலில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரலாம் அல்லவா?

இனி உங்களைக் கேட்கிறேன், வறுவல் கடைத் தோழர்களே! பயந்து செய்தீர்கள், பிழைக்கச் செய்தீர்கள். முறையற்ற விதி போட்டவரையும் முகர்ந்தும் உணராத என்னையும் விட நீங்கள் பெரிய குற்றவாளிகள் அல்ல. உங்களில் எத்தனை பேர் புது எண்ணெய் கொடுத்தீர்கள்? கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா?

அதோ, மூன்றாம் வரிசையில் ஒரு கை. வளையல் போட்ட கை. அந்தக் கையை எனக்குத் தெரியும். அதோ இன்னொன்று. சுவரோரம் இரண்டு. எதிர்க்கடைக்காரர் பாதிக் கை தூக்குகிறார். பரவாயில்லை ஐயா, துண்டே போடாதவருக்குப் பாதி போதும். பின்னால், வாசல்பக்கம், அம்மா, நீங்களுமா? எண்ண முடியவில்லை. எண்ண வேண்டாம். தலைவர் அவர்களே, கொஞ்சம் எழுந்து பாருங்கள். இதுதான் உங்கள் முப்பது பேருந்தின் எண்ணெய்க் கிணறு!

இந்தக் கேடயத்தை மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. என் சட்டைப்பையில் சுண்ணக்கட்டி எப்போதும் இருக்கும். இதோ, கருப்பு மரத்தில் பெருக்கல் குறி. இதோ, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் பெருக்கல் குறி. சுண்ணக்கட்டிதானே, துடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊரே பார்த்துவிட்டது.

தலைவர் அவர்களே, அந்த இரண்டு கேன் விதியை எடுத்துவிடுங்கள். தோட்டத்தைத் தொடாதீர்கள். நாங்கள் தின்று மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவுக்குப் பேருந்து ஓட்டுவோம். நாளைக் காலையிலிருந்து அழுத்தமான மீன் வாசனை வந்தால்தான் சரிக்குறி போடுவேன், இது மூக்கின் மேல் ஆணை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. சீட்டு அனுப்பிய அதிகாரிக்கும் நன்றி. கை தூக்கிய ஒவ்வொரு கைக்கும் என் தலை தாழ்ந்த நன்றி. இந்த மூன்று நாளில் நானே மோந்து பிரித்தெடுத்த உண்மையான பழைய எண்ணெயில் ஓடுகிற பேருந்துகள் ஆறு, வெளியே நிற்கின்றன. பெரியவர்களும் பிள்ளைக்காரத் தாய்மார்களும் அவற்றில் ஏறிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்னோடு நடந்து வாருங்கள். ஆற்றோர வழியாகப் போவோம், அண்ணி தோட்டத்து வாசலில் காத்திருப்பார், நான் கையெழுத்துப் போடவில்லை என்று நேரில் சொல்ல வேண்டும். வணக்கம்!