எல்லாரும் நம்பிய நிரல்

விசிறியை நிறுத்த வேண்டாம் சார். ஓசூர் குளிருக்குப் பழகியவளுக்குக் கிருஷ்ணகிரி கொஞ்சம் புழுக்கம்தான்.

என் பெயர் லிபியா. ஓசூரில் ஒரு சிறிய கம்பெனியில் இருக்கிறேன். மாங்கூழ் ஆலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். முழுவதும் நாங்களே எழுதுவதில்லை. யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் துண்டு நிரல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். லைப்ரரி என்போம். ஒரு லைப்ரரி இன்னொன்றை நம்பியிருக்கும், அது வேறொன்றை. அவற்றில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

இரண்டாயிரத்து எட்டில், மாம்பழ சீசன் தொடங்கும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். கூழ் அடைத்த டப்பாக்களை வேகவைக்கும் ஆவிக்கலம் ஒன்று ஆலையில் இருக்கிறது. இணையம் வழியாக ஒரு கோணல் செய்தி அனுப்பினால், எங்கள் நிரலில் சேர்த்திருந்த ஒரு லைப்ரரி குழம்பிவிடும். உள்ளே ஆவி நிறைந்திருக்கும்போதே அழுத்தம் பூஜ்யம் என்று காட்டும். பச்சை விளக்கு எரியும். கதவின் பூட்டு விலகும்.

அந்த லைப்ரரியை எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் சார். அந்தப் பக்கம் யாருமே இல்லை.

மேலாளர் ஜெகதீஷிடம் சொன்னேன்.

"ஒலகமே அத யூஸ் பண்ணுது லிபியா. ஓட்டை இருந்தா இந்நேரம் எவனாச்சும் பாத்திருக்க மாட்டானா?"

"எல்லாரும் அப்படித்தான் சார் நெனச்சிட்டிருக்காங்க."

"சீசன் முடியட்டும்மா" என்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பொறுக்க முடியாமல் ஆலைக்கே போனேன். ஆவிக்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதம்மாள். கதவைத் திறக்கும்போது தள்ளி நிற்கச் சொன்னேன்.

"பச்ச வெளக்கு எரியாம அது தெறக்காது கண்ணு. நீங்க செஞ்சு குடுத்ததுதான?" என்று சிரித்தார். "ஒனக்கு ஏன் மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது? சாப்ட்டியா?"

அவரிடம் துளி பயம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஓசூரில் என் மேசையிலிருந்து அந்தச் செய்தியை அனுப்பினேன். சாப்பாட்டு நேரம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அனுப்புவதற்கு முன் ஆலைக்குப் போன் செய்தேன். மாதம்மாள்தான் எடுத்தார்.

"வேல ஓடுதாக்கா?"

"ஓடுது கண்ணு. ஆவி ஏறிட்டிருக்குது. பக்கத்துலயேதான் நிக்கறேன்."

சரி அக்கா என்று வைத்தேன். ஆளில்லாத நேரத்தில் பூட்டு விலகினால், ஏதோ சின்னக் கோளாறு என்று ஜெகதீஷ் முடித்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஆலை சூப்பர்வைசர் திம்மராயன். பின்னால் ஆவி சீறும் சத்தம், பெண்களின் ஓலம். "பச்ச வெளக்குத்தான் மேடம் எரிஞ்சிது. பச்ச வெளக்குத்தான் எரிஞ்சிது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாதம்மாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஜெகதீஷ் ஆலை ஆலையாகப் போன் போட்டு, கலத்தை நிறுத்துங்கள் என்று கத்தினார். என் பயம் முதன்முதலாக இன்னொருவரிடம் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா ஆலைகளிலிருந்தும் அந்த லைப்ரரியை எடுத்துவிட்டார்கள். இப்போது எதைச் சேர்த்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காட்டினார்கள், நீங்கள் வரும்வரை.

எழுதிக்கொள்ளுங்கள் சார். கலம் ஓடுகிறது, மாதம்மாள் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், என்றைக்காவது ஒருநாள் யாரோ ஒரு அப்பாவி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருப்பார்.