பேட் ஒட்டிய இடம்

கரண்ட் மெஷினோடு நீங்கள் கொடுத்த பேட்கள் இன்னும் நன்றாக ஒட்டுகின்றன, சுமி. ஒவ்வொரு முறையும் ஈரவிரலால் தடவி, அதனுடைய பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டித் தூசி படாமல் எடுத்து வைத்தால் நெடுநாள் வரும். பலர் அலட்சியமாகப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிது கேட்கிறார்கள் என்று நீங்களே குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு எந்தப் பொருளையும் பாழாக்க மனம் வராது.

என் மனைவியின் கால் விஷயத்தில் பிசியோதெரபி கிளினிக்கில் உங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன தடவை உங்கள் கண் சிவந்திருந்ததையும் கவனித்தேன். அதனால்தான் இன்று ஸ்ரீலக்ஷ்மியைக் கூட்டி வராமல் தனியாக வந்தேன். செய்யாத தப்புக்கு ஒருவர் தலைகுனிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிறு வயதிலிருந்தே அப்படி.

கோட்டைப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த மெஷினைக் கொண்டுவந்த அன்று நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் நரம்பு அறுந்ததைத் தைத்திருக்கிறார்கள். அது கூடும் வரை பாதம் அந்த வைத்திய பூட்ஸுக்குள் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பூட்ஸின் மேல்பட்டையை மட்டும் தளர்த்தி, பின்பக்கம் கெண்டைச்சதையில் இரண்டு பேட்களையும் ஒட்ட வேண்டும். கரண்ட் பாய்ந்து சதை தானாகச் சுருங்கிச் சுருங்கி விட்டால் கால் சூம்பாது. "சதை நல்லோணம் இறுகறது கையில அறியணும் சார். பாதம் மட்டும் மேல மடங்கக் கூடாது, கேட்டோ. நரம்பு நீண்டு போயிடும். பின்னே சேச்சிக்கு ஓடவே முடியாது" என்றீர்கள் உங்கள் மலையாளத் தமிழில். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

அவள் ஓட ஆரம்பித்ததே நாற்பது கழிந்த பிறகுதான். பாங்கில் கூட வேலை பார்க்கும் ஆர்ஷா இழுத்துக்கொண்டு போனாள். காலையில் நான் எழும்போது வீட்டில் ஆள் இருக்காது. வியர்த்து விறுவிறுத்து வந்து, காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஃபோனில் மலையாளத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். பொன்முடி மலைப்பாதையில் உச்சி வரை ஓடி ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். வீடு வெறிச்சென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் ஓடும்போது, பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்ததுபோல் இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை. நரம்பு அறுந்திருந்தது.

அதன்பின் வந்த வாரங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம். தலை வாரிவிட்டேன், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். பட்டாபி இப்படித் தாங்குகிறானே என்று உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி காலைப் புருஷன் தொடும் வழக்கமில்லை. முதல் நாளே பதறிப்போனாள். "ஐயோ, காலைத் தொடாதேங்கோன்னா. எனக்குப் பாவமாக்கும்."

"வைத்தியத்துக்கு ஏது பாவம்? நீ வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றேன்.

அன்றிலிருந்து நான் காலடியில் உட்கார்ந்தால் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். முடிந்ததும் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பேட்களை எங்கே ஒட்டுகிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் சரியாகத்தான் ஒட்டினேன். பிறகு ஒருநாள் ஆர்ஷா பார்க்க வந்தாள். "அடுத்த வருஷம் பொன்முடி உறப்பாணு சேச்சி" என்று அவள் அடித்துச் சொன்னதும் ஸ்ரீலக்ஷ்மியின் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் பூட்ஸை முழுதாகக் கழற்றினேன். பேட்களைக் காலின் முன்பக்கம், எலும்பை ஒட்டிய சதையில் வைத்தேன். கரண்ட் ஏற ஏறப் பாதம் தானாக மேல்நோக்கி எழுந்தது.

"பின்னால சுரீர்னு இழுக்கறதுன்னா" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"இழுக்கட்டும். இழுத்தாத்தான் குணமாறதுன்னு அர்த்தம்."

"அப்போ சரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிந்ததும் வழக்கம்போல் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண் ஈரமாக இருந்தது.

பூட்ஸே வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் வரை, சாயங்காலம் விளக்கேற்றியபின் அதையே செய்துவந்தேன். நீங்கள் வரும் நாட்களில் மட்டும் பின்பக்கம் ஒட்டினேன். நீங்கள் "கிருத்யமா, சரியா செய்றீங்க சார்" என்று பாராட்டியபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நரம்பு கூடிவிட்டது, நீண்டுபோய்க் கூடியிருக்கிறது. நடக்கிறாள். சாலைக் கடைத்தெருவுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அந்தக் காலை ஊன்றி எம்ப மட்டும் முடியவில்லை. மேல்தட்டில் இருக்கும் டப்பாவுக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. இனி ஓட்டம் கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அவளுக்குப் பிடித்த அடைப்பிரதமன் பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

உங்கள் டாக்டரிடம் இதையெல்லாம் நானே சொல்கிறேன். ஸ்ரீலக்ஷ்மியிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அவள் நம்பமாட்டாள். என்னைப்போல் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு விஷயம். போன வாரத்திலிருந்து ஆர்ஷா அவளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிறாள். பழக்கமில்லையல்லவா, தோளில் வலி என்று நேற்று முனகினாள், பாவம். மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். தோளுக்குப் பேட்களை எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டவே கூடாது என்று ஒரு தடவை காட்டித்தந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.