கடிவாளம் புடிச்சவனுக்கு மொத மாலை

மாப்ள வீட்டுக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. மாப்ளைக்கு முன்னாடி கார் டிரைவருக்கு மாலை போட்டதுக்கு ஒரு கதை இருக்குது. கேட்டுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க.

ராணிப்பேட்டைப் பக்கம் ரயிலே வராத காலமாம். இந்த எருக்கந்தாங்கல்ல கன்னியப்பன்னு ஒருத்தரு. எங்க பாட்டனுக்குப் பாட்டன். அவரும் கூட்டாளி துளுக்காணமும் வெள்ளைக்காரன் குதிரைப்படையில சேந்தாங்களாம். துளுக்காணத்துக்கு அம்மா பச்சையம்மா மட்டுந்தான். "வருசா வருசம் ஊருக்கே கூழு ஊத்துறேன் தாயே, எம்புள்ளையப் பாத்துக்கோ"ன்னு கெங்கையம்மன்கிட்ட வேண்டிக்கிச்சாம் அந்தம்மா. ஊத்திச்சு, ஊத்திச்சு. மழை பொய்ச்ச ஒரு வருசம் மட்டும் முடியல. வீட்டுல பிடி கேவுரு இல்ல, என்ன பண்ணும்?

அந்த வருசந்தான் வடக்கே எங்கியோ சண்டை. கன்னியப்பன் தனியாளா பீரங்கிய நோக்கிப் பாஞ்சாராம். பீரங்கிக்காரனுங்க செதறி ஓடுனானுங்களாம். சர்க்காரு வெள்ளிப் பதக்கம் குத்துச்சு. துளுக்காணம் திரும்பல.

"எம்புள்ள எப்பிடிடா போனான்?"னு பச்சையம்மா கேட்டுச்சு.

"காய்ச்சல்மா"ன்னாரு கன்னியப்பன்.

அவ்ளோதான். ஒத்த வார்த்தை. கூழு ஊத்தாததுக்கு அம்மனே புள்ளைய எடுத்துக்கிட்டான்னு அந்தம்மா முடிவு பண்ணிடுச்சு.

ஆடித் திருவிழா வந்துச்சாம். பதக்கம் வாங்குன வீரனுக்கு மொத மாலை! குதிரைமேல ஏத்தி, மேளம் அடிச்சி, கோயிலுக்குக் கூட்டிக்கினு வராங்க. வந்து பாத்தா, பச்சையம்மா ஈரப்புடவையோட கோயிலச் சுத்தி உருளுது. முட்டியெல்லாம் ரத்தம். "தப்புதான் தாயே, தப்புதான் தாயே"ன்னு உருளுது.

பீரங்கியப் பாத்து நடுங்காத மனுசன் இதப் பாத்து நடுங்குனாராம். நான் சொல்றேன், பீரங்கியப் பாத்தும் நடுங்கிக்கினுதான் இருந்தாரு. குதிரைய விட்டு எறங்கி சேத்துலயே உக்காந்தாரு.

"யம்மா, எழுந்திரு. காய்ச்சல் இல்லம்மா. பொய் சொன்னேன்."

மேளம் நின்னுடுச்சு.

"நான் பாயலம்மா. குதிரை மெரண்டு என்னைய இழுத்துக்கினு ஓடுச்சு. நான் ஐயோ ஐயோன்னு அலறுனேன். என்னையக் காப்பாத்த துளுக்காணந்தான் பின்னாலயே வந்தான். அதச் சொன்னா பதக்கம் எனக்கு இல்லன்னு ஆயிடுமே, அதான் மறைச்சிட்டேன்."

ஊரு கொடுத்த மரியாதைய அவரே சேத்துல போட்டாரே! அந்தம்மா அதையெல்லாம் கேக்கல. ஒண்ணுதான் கேட்டுச்சாம்.

"புடிச்சானாடா?"

"புடிச்சான்மா. கடிவாளத்தப் புடிச்சி என் குதிரையத் திருப்பிட்டான். அப்புறந்தான் எங்கிருந்தோ அவன்மேல குண்டு பட்டுச்சு."

"அப்ப அம்மன் எடுக்கலியா?"

"இல்லம்மா. அவனா வந்தான்."

பச்சையம்மா அப்பத்தான் எழுந்து உக்காந்து, புள்ள செத்த நாள்லேந்து அழாத அழுகைய அழுதுச்சாம். கன்னியப்பன் மாலையக் கழட்டி அந்தம்மாவுக்குப் போடப் போனாரு. தடுத்துடுச்சு.

"எனக்கெதுக்குடா? குதிரையப் புடிச்சவனுக்குப் போடு."

துளுக்காணந்தான் இல்லியே. அன்னிக்கு ஊர்வலத்துல அவரு குதிரையப் புடிச்சிக்கினு நின்ன ஆளு கழுத்துல விழுந்துச்சு மாலை. பதக்கத்த அவரு அப்புறம் குத்திக்கவே இல்லியாம்.

அதுலேந்து இந்த ஊருல யாரு ஊர்வலம் போனாலும் மொத மாலை கடிவாளம் புடிக்கிறவனுக்குத்தான். குதிரை போயி மாட்டுவண்டி வந்துச்சு, வண்டி போயி காரு வந்துச்சு. மாலை மாறல. மாலை போட்டதும் ஊருல மூத்த பொம்பள ஒரு கேள்வி கேக்கும். பதில் சொல்லாம வண்டி நகராது.

ஏம்பா டிரைவரு, முழிக்காத. எங்க அக்கா உன்னையத்தான் கேக்குது. "புடிச்சியாடா?"ன்னு கேக்குது பாரு. "புடிச்சேன்மா"ன்னு சத்தமாச் சொல்லு.