ஓவன் பக்கத்துப் பெஞ்சு

ஆயுத பூசை அவையை அணிசெய்யும் தலைவர், நம் ஆலை மேலாளர் ராஜசேகரன் அவர்களே! அம்பத்தூரில் புழுதி பறந்த நாளிலேயே இங்கே முதல் செங்கல்லைச் சுமந்த மூத்தவர் அப்பாவு அவர்களே! லேத் கொட்டகைக் காளையரே! செம்புக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டியே குடும்பத்தைச் சுமக்கும் தாய்மார்களே, தங்கையரே! பொரி எப்போது வரும் என்று என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று சாணைக்கல்லுக்கும் சந்தனம், குறட்டுக்கும் குங்குமம். போன மாதம் ஒரு லேத் அளவு தப்பிக் கடைந்தது. ஓட்டிய துலுக்கானம் அண்ணனை ஏசினேனா? இல்லை. மெஷினைப் பிரித்தேன், எண்ணெய் விட்டேன், பேரிங் மாற்றினேன். ஆனால் கம்பி சுற்றும் காயில் பிரிவில் ஞானகுமாரி சுற்றிய சுருள் தப்பியபோது, பரிசோதகனாகிய நான் என்ன செய்தேன்? ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். ஒரு முறையல்ல, இரு முறை. இரண்டுக்கும் அவருக்கு மெமோ போனது. மூன்றாவது மெமோ வந்தால் வேலை போகும். அதைத் தருவதா என்ற விசாரணை வரும் திங்கட்கிழமை.

அதே பிரிவில் வேலை செய்யும் கன்னியம்மா அக்கா என்னை வழிமறித்தார். “இன்னா சார், மிசினு மக்கர் பண்ணா எண்ணெ ஊத்துறே, பொம்பள தடுமாறுனா மெமோ குடுக்கிறே?”

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்கவே ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஞானகுமாரியின் காலைச் சுருள்களில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் பிற்பகலில்! வார்னிஷ் காயவைக்கும் ஓவன் சூடேறச் சூடேற, அதன் பக்கத்துப் பெஞ்சில் பிழையும் ஏறியிருக்கிறது.

போய்க் கேட்டேன். வெந்நீரில் குளித்தால் கண் மங்குகிறதாம். கால் மரத்துப்போகிறதாம். பட்டாபிராம் ஸ்டேஷன் படியில் கைப்பிடியை விட முடியவில்லையாம். வீட்டில் சொல்லவில்லையா என்றேன்.

“சொன்னேன் சார். ஊட்டு வேலைக்குப் பயந்துகினு நடிக்கிறேன்னாங்க. இவரு ஒருத்தருதான் நம்புனாரு.”

அந்த ஒருவர், கணவர் இக்னேஷியஸ், அதோ தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். வெட்கப்படாதீர்கள் ஐயா, வெட்கப்பட வேண்டியவன் மேடையில் நிற்கிறேன்.

இருவரோடும் பெரிய டாக்டரைப் பார்த்தேன். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே உரிகிறது. எனாமல் உரிந்த கம்பி, தோழர்களே! அதில் மின்சாரம் ஒழுங்காய் ஓடுமா? சூடு இந்த நோயைத் தருவதில்லை. இருக்கும் தடுமாற்றத்தைக் கூட்டுகிறது.

நம் நாட்டில் அரிது, குளிர் நாட்டில் அதிகம்; அதிலும் ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகம் என்றார். ஏன்? வெயில் குறைவா? வளர்ந்த மண்ணா? சின்ன வயதில் தொற்றிய கிருமியா? பெண்ணுடம்பின் இயல்பா? “தெரியாது” என்றார். இவ்வளவு படித்துவிட்டுத் தெரியாது என்கிறாரே என்று பொங்கினேன். வழியெல்லாம் யோசித்தேன்: அவருடைய ‘தெரியாது’ என்னுடைய ‘கவனக்குறைவை’விட நேர்மையானது.

அங்கே யார் கைதட்டுவது, லேத் கொட்டகையா? பொறுங்கள், உங்கள் பங்கு இனிமேல்தான்.

உலகத்தின் புதிர் எனக்குத் தெரியாது; இந்த ஆலையின் புதிர் தெரியும். ஓவன் பக்கம் ஏன் பெண்களே உட்கார்கிறார்கள்? ஆண்கள் பார்வை படக்கூடாதாம், ஓவன்தான் மறைப்பாம், அதற்குப் பெயர் மரியாதையாம்! காளையரே, நம் கண்ணை அடக்கத் தெரியாமல் அவர்கள் உடம்பை அவித்தோம். நமக்கோ வடக்கு ஜன்னல், வேப்பமரக் காற்று!

தலைவர் அவர்களே, இதோ என் இரண்டு அறிக்கைகள். ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துப் ‘பரிசோதகரின் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மூன்றாவது மெமோ தந்தே தீர வேண்டுமென்றால், என் பெயருக்குத் தாருங்கள்.

இன்று ஆயுதங்களைத் தொடக்கூடாது, சரி. நாளை விஜயதசமி. ஓவன் போடுமுன் அந்தப் பெஞ்சு வடக்கு ஜன்னலுக்குப் போக வேண்டும். எட்டுப் பேர் தேவை, கை தூக்குங்கள். துலுக்கானம் அண்ணே, ஒரு கை போதும், இரண்டையும் தூக்கினால் சரணாகதி! ஆறு... ஏழு... எட்டு. ஒன்பதாவதாக மேடையிலேயே ஒரு கை. தலைவரே, அது பெஞ்சுக்கா, திங்கட்கிழமை விசாரணையை விலக்கவா?

இரண்டுக்குமாம்!

இனி நான் பேசினால் அதுதான் கவனக்குறைவு. பொரியைக் கொண்டு வாருங்கள். முதல் பிடி ஞானகுமாரிக்கு. நன்றி, வணக்கம்.